அடித்தண்ணீர்

ஜூன் 11, புதன்

செத்துப்போனவர் இன்று காலை வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனார்.

அவரைச் சாகடித்தது நான்தான். நேற்றைய பேப்பரில், ஏழாம் பக்கத்தில். உண்மையில் இறந்தது எண்பத்தாறு வயதான பழனியப்பன், முன்னாள் கூட்டுறவுச் சங்கத் தலைவர். ஆஸ்பத்திரியில் உடலை வாங்கக் கையெழுத்துப் போட்டவர் அவர் மகன் சென்னியப்பன். நான் படுத்திருந்தவரை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டவரின் பெயரை எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

"ஏனுங்க நிருபரே, நான் போய்ச் சேந்துட்டேன்னு பேப்பர்ல போட்டுட்டீங்க. எத்தனை மணிக்குக் கெளம்பணும்னும் போட்டிருந்தீங்கன்னா சவுகரியமா இருந்திருக்கும்" என்றார் சென்னியப்பன்.

என் மனைவி வசந்தாமணி அவசரமாக டீ கொண்டுவந்தாள். பால் எனக்கு ஆகாது என்பதால் எங்கள் வீட்டில் கருப்பட்டி போட்ட வெறும் டீதான். சென்னியப்பன் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதென்னுங்க, நார் மில்லுத் தண்ணியாட்ட இருக்குது" என்றார். ஆனாலும் குடித்தார்.

அவர் போனதும் தலைமை நிருபர் ஜெயசீலனுக்குப் போன் போட்டு ஒரு வரி திருத்தம் கேட்டேன்.

"இடமில்ல நாச்சி. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"அடுத்த தடவைன்னா, அவரு நெசமாச் சாகறப்பங்களா?"

போனை வைத்துவிட்டார்.

'தினச்சாரல்' பேப்பருக்கு இந்தப் பகுதியில் ஏஜென்ட்டும் நான்தான், பகுதிநேர நிருபரும் நான்தான். விடியலில் நான் வீடு வீடாகப் போடுகிற பேப்பரில் நான் செய்த தப்புக்கு எட்டு மணிக்குத் திட்டு வாங்குவதும் நானேதான். பிளஸ் டூவை இரண்டு முறை தட்டிப் பார்த்தும் அது கதவைத் திறக்கவில்லை. மகள் தாரணி கோயமுத்தூரில் சட்டம் படிக்கிறாள், இரண்டாம் வருஷம். அவள்தான் இந்த டைரியைக் கையில் கொடுத்து, "தேதி போட்டு, நேரம் போட்டு எழுதி வைப்பா. நாளைக்கு ஒரு கேஸுன்னா இதுவும் ஆதாரம்" என்றாள். ஆதாரம் என்று சொன்னதிலிருந்து எழுதும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறேன்.

ஜூன் 12, வியாழன்

மொபெட் பஞ்சர். பேப்பர் கட்டு சேற்றில். சென்னியப்பன் வீட்டுக்குப் பேப்பர் போடும்போது கேட்டுக்கு வெளியிலேயே எறிந்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

காலை ஆறரைக்கு மாராத்தாக்கா போன். "சார், வந்து பாருங்க. இன்னைக்கும் தொறந்து உட்டுட்டானுங்க."

அவர் இருப்பது சின்னக்கல்பாளையத்தில், பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே பொதுக்கிணறு. நூறு அடி தள்ளிக் கிட்டுசாமியின் 'பசுமடி கோகோ பீட்'. தேங்காய் மட்டையில் நார் உரித்த பிறகு மிஞ்சுகிற தூளைக் கழுவிக் காயவைத்துக் கட்டியாக்கி, எந்த நாட்டிலோ செடி வளர்க்க அனுப்புகிறார்கள். கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்துதான் வெளியே விட வேண்டும் என்பது சட்டம். மாசுக்கட்டுப்பாட்டு ஆபீசுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதும் சட்டம்தான். கிட்டுசாமி இரண்டாவது சட்டத்தைத்தான் பின்பற்றுகிறார்.

மாராத்தாக்கா வாளியை இறக்கித் தூக்கினார். கறுப்பும் சிவப்புமாக, மேலே நுரை. ஊறப்போட்டு மறந்த சாக்குப்பை நாற்றம். அக்காவின் மகள் வாசலில் உட்கார்ந்து காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். முட்டிக்குக் கீழே ஒரே புண்.

"இதைத்தானுங்க சார் காச்சி, வடிகட்டிக் குடிக்கிறோம். நான் அந்த மில்லுக் களத்துலயே தூள் தள்ற வேலைக்குப் போறேன். அங்க தூள் தின்னுட்டு இங்க வந்து அதையே குடிக்கிறேன்."

படம் எடுக்க மொபைலை எடுத்தேன். செத்திருந்தது. காலை நாலு மணியிலிருந்து பேப்பர் கட்டு வரும் வரைக்கும் மாட்டுக்கு லாடம் அடிக்கிற வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் மாடும் கிடையாது. அக்காவிடம் இருப்பது பட்டன் போன். கேமரா போன் வைத்திருந்த நாலு பேரும் மில் ஆட்கள். யார் போனில் எடுத்தது என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வழி முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு வந்ததில், லெவல் கிராசிங்கில் கேட்கீப்பர் "ஏனுங்ணா, வூட்ல சண்டைங்களா?" என்று கேட்டார்.

ஜூன் 18, புதன்

திங்களும் செவ்வாயும் கொட்டித் தீர்த்த மழையில் கிணற்று மட்டம் மேலேறி, தண்ணீர் தெளிந்துவிட்டது. லேசான மஞ்சள், அவ்வளவுதான். எட்டு வாளி இறைத்துப் பார்த்தேன். கைதான் வலித்தது, தண்ணீர் கறுக்கவில்லை.

பதினோரு மணிக்கு ஜெயசீலன். "நாச்சி, மாவட்டப் பக்கத்துல நாலு காலம் எடம் உங்களுக்குத்தான் வெச்சிருக்கேன். நாலு மணிக்குள்ள படம் வரோணும். தண்ணி கறுப்பாத் தெரியோணும்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்தீங்கன்னா..."

"ஞாயித்துக்கிழமை அந்த எடத்துல வேற நியூஸ் இருக்கும். படமில்லீன்னா நியூஸ் இல்ல."

எங்கள் தொழிலில் படத்துக்கு ஒரு முறை இருக்கிறது. குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் காலிக்குடத்தோடு நிற்க வேண்டும். ரோட்டில் குழியென்றால் நாலு பேர் குனிந்து குழியை நோக்கி விரலை நீட்ட வேண்டும். குடம் இல்லாதவர்களுக்கு நான் பக்கத்து வீட்டில் குடம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நிறைந்த குடத்தைக் கவிழ்க்கச் சொல்லியும் நிற்க வைத்திருக்கிறேன். இருபது வருஷமாக இப்படித்தான். விரல் நீட்டாத படத்தை ஆபீசில் படமாகவே மதிப்பதில்லை.

பன்னிரண்டு வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டேன். மில்லுக்கு எதிராக விரல் நீட்ட ஒருவரும் வரவில்லை. மாராத்தாக்கா மட்டும், "நான் நிக்கிறேன் சார். என்ன பண்ணிப்போடுவான்?" என்று ஒரு ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டிலைக் கழுவிக் கையில் கொடுத்துவிட்டு, நல்ல சேலை மாற்ற உள்ளே போனார்.

அவர் திரும்பி வரும்போது பாட்டிலில் தண்ணீர் தயாராக இருந்தது.

"இதென்னுங்க சார், இந்தக் கலர்ல?"

"அடித்தண்ணிங்க்கா. வாளியை அடி வரைக்கும் உட்டு எடுத்தேன்."

"வெதுவெதுன்னு இருக்குதுங்களே?"

"அடித்தண்ணி அப்படித்தான் இருக்கும்."

அக்கா பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். "மேல தெளிஞ்ச பொறகும் அடியில இதையா நாங்க குடிச்சுட்டிருந்தோம்?" என்றார். அந்த முகத்தோடுதான் படம் எடுத்தேன். இருபது வருஷத்தில் நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது.

சாயங்காலம் வசந்தாமணி, காலையில் கொடுத்தனுப்பிய ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்துப் பார்த்து, "எப்பவும் பாதி மிச்சம் கொண்டாருவீங்க. இன்னைக்கு என்ன, சொட்டுகூட இல்ல?" என்றாள்.

தாகம் என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

நாலு காலம். "நஞ்சான கிணறு: நார் ஆலைக் கழிவால் தவிக்கும் சின்னக்கல்பாளையம்." மாராத்தாக்கா பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நேராக நம்மைப் பார்க்கிறார். செய்தியில் இருக்கிற ஒவ்வொரு வரியும் உண்மை. என் கண்ணால் பார்த்தது.

தாரணி விடுதியிலிருந்து கூப்பிட்டாள். பேப்பரைத் தன் போனில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாளாம். "எங்கப்பா பேப்பர்ல வர்றது எல்லாம் செக் பண்ணின நியூஸ்னு கிளாஸ்ல சொன்னேம்ப்பா."

சென்னியப்பன் செய்தியை அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 21, சனி

மாராத்தாக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வாசலில் வைத்தே, "உனக்கு எங்க தண்ணி ஆகாதில்ல, அப்பறம் எங்க கூலி எதுக்கு?" என்று கேட்டானாம் மேனேஜர்.

பதினோரு வருஷம் அந்தக் களத்தில் தூள் தள்ளியவர். இருமினால் நெஞ்சிலிருந்து நார்த்தூள்தான் வரும். ஒரு படத்துக்காக ஒரே நாளில் வெளியே. எனக்கு வந்த கோபத்துக்கு மொபெட்டை உதைத்தேன். ஸ்டார்ட் ஆகாமல் கால்தான் வீங்கியது.

ஜூன் 24, செவ்வாய்

மாசுக்கட்டுப்பாட்டு இன்ஜினியர் நேற்று வந்து கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாராம். அவர் வரப்போவது மில்லுக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். கிணற்றுக்காரர்களுக்கு அவர் போன பிறகுதான் தெரியும். நான்கு நாளாக மில்லில் கழுவும் வேலையே நடக்கவில்லை.

மாராத்தாக்கா கேட்டிருக்கிறார்: "பாட்டில்ல அடித்தண்ணி இருக்குதுங்க, அதை எடுத்துட்டுப் போங்க." அவர், "அதெல்லாம் எங்க கணக்குல வராதும்மா" என்று ஜீப் ஏறிவிட்டார்.

அயோக்கியன் என்று எழுதினேன். பிறகு யோசித்தேன்: அவர் அந்தப் பாட்டிலை எடுக்காமல் போனதற்கு உள்ளுக்குள் நிம்மதியாக மூச்சு விட்ட ஆள் யார்? எழுதியதை அடிக்கவில்லை. ஜீப்பில் போனவருக்கும் அது பொருந்தும்.

ஜூன் 26, வியாழன்

வக்கீல் நோட்டீஸ். ஜெயசீலனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மாராத்தாக்காவுக்கு ஒன்று.

தாரணி லீவு போட்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துப் படித்தாள். கிணற்றுத் தண்ணீர் பரிசோதனையில் குறை இல்லை. படத்தில் இருக்கும் பாட்டில் தண்ணீர் போலி. ஆலைக்குக் கெட்ட பெயர் வரவேண்டுமென்று மூன்று பேரும் கூட்டாகச் செய்தது. ஏழு நாளில் மன்னிப்புக் கேட்காவிட்டால் அவதூறு வழக்கு. இரண்டு வருஷம் வரை சிறை.

அவள் பயப்படவில்லை. பேனாவால் கோடு போட்டுக்கொண்டே பேசினாள். "இதுல நமக்கு இருக்கிற கவசம் ஒண்ணே ஒண்ணுதாம்ப்பா. சொன்னது உண்மையா இருக்கணும், ஊர் நல்லதுக்காகச் சொல்லியிருக்கணும். ரெண்டும் இருந்தா அவதூறே கிடையாது. ரெண்டும் நம்மகிட்ட இருக்கு."

"ம்."

"செய்தி முழுக்க உண்மைதானே?"

"ஒவ்வொரு வரியும்."

"படம்?"

"மாராத்தாக்காதான் நிக்கிறாங்க, பாத்தியில்ல?"

"அது தெரியுதுப்பா. பாட்டில் பத்திரமா இருக்கா?"

வசந்தாமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சோறு கேட்டேன். எனக்குப் பசியே இல்லை.

ஜூன் 27, வெள்ளி

சின்னக்கல்பாளையம் போனேன். பாட்டில், சாமி படங்களுக்குப் பக்கத்துப் பலகையில் இருக்கிறது. திருநீறுகூட வைத்திருக்கிறார்.

"நோட்டீசை வாங்கிட்டு மொதல்ல நெம்ப பயமா இருந்துதுங்க சார். அப்பறம் பாட்டிலைப் பாத்தேன். சாட்சி இருக்கறப்ப எதுக்குப் பயப்படோணும்? தாரணிப் பாப்பாவும் போன்ல சொல்லுச்சு, இதைப் பத்திரமா வெய்யுங்கன்னு."

மேலே வெள்ளையாக ஆடை படிந்திருக்கிறது. பலகையின் ஓரமாக, மூடி வரைக்கும், வரிசையாக எறும்பு.

"இது ஒண்ணுதானுங்க சார் புரியல. விசத்தண்ணின்னா எறும்பு கிட்ட வருமுங்களா? தெனமும் தொடைக்கிறேன், தெனமும் மொய்க்குது. என்ன கெமிக்கலா இருக்கும்?"

தெரியவில்லை என்றேன். அக்காவுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். சாமி படங்களெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

அக்கா இப்போது கிணற்றுத் தண்ணீர் குடிப்பதில்லை. ஒரு கிலோமீட்டர் நடந்து குடம் கொண்டுவருகிறார். "அந்த அடித்தண்ணியை நெனச்சாவே குமட்டுதுங்க."

ஜூன் 30, திங்கள்

ஜெயசீலன் வரச்சொன்னார். போனால் தட்டச்சுச் செய்த கடிதம் ஒன்று தயாராக இருக்கிறது. "படத்தில் உள்ள பாட்டிலைத் திருமதி மாராத்தாள் என்பவர் தானாகக் கொண்டுவந்து காட்டினார். அதை உண்மையென நம்பி, நல்லெண்ணத்தில் படம் எடுத்தேன்." கீழே என் பெயர். கையெழுத்துக்கு இடம்.

"நல்லெண்ணம்னு ஒண்ணு சட்டத்துல இருக்குது நாச்சி. இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா நீங்களும் தப்பிச்சீங்க, பேப்பரும் தப்பிச்சுது."

"அந்தக்கா?"

"அவங்க பத்தாவதுகூடப் படிச்சவங்க இல்ல. கோர்ட்டுல ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"நானும் பிளஸ் டூவுல ரெண்டு தடவை ஃபெயிலானவன்தானுங்க. என்னையும் உட்டுருவாங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பாட்டில்ல இருந்தது என்ன, எனக்குத் தெரிய வேண்டாம். நான் கேக்கவும் மாட்டேன். புரியுதில்ல?"

புரிந்தது. கறுப்பாத் தெரியோணும் என்று போனில் சொன்ன வாய் அது. அது போனில் சொன்னது, காகிதத்தில் இல்லை. கடிதம் மட்டும் காகிதத்தில் இருக்கிறது. இருபது வருஷமாக இந்த ஆளுக்குக் காலிக்குடங்களையும் நீட்டிய விரல்களையும் அனுப்பிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நான் விரல் நீட்ட வேண்டிய ஆளையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

கடிதத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் அதைக் கிழித்தேன். நாலாகக் கிழித்தால் ஒட்டிவிடுவார்கள் என்று பதினாறாகக் கிழித்தேன். இப்படி ஒரு வீரன்.

ஜூலை 2, புதன்

முதல் பக்கம், கட்டம் கட்டி: "வருந்துகிறோம். கடந்த 20ஆம் தேதி வெளியான படத்தின் உண்மைத்தன்மையை உறுதிசெய்ய இயலவில்லை. மேற்படி ஆலையின் நற்பெயருக்கு..." பகுதிநேர நிருபர் நிறுவனத்தின் ஊழியர் அல்ல என்றும் ஒரு வரி. அதை நானே முந்நூற்றுப் பத்து வீட்டுக்குப் போட்டேன்.

சென்னியப்பன் கேட்டில் காத்திருந்தார். "ஏனுங்க, நான் உசுரோட இருக்கறேன்னு ஒரு வரி போட எடமில்லீன்னீங்க. நார் மில்லுக்கு மொதப் பக்கத்துல இத்தனை பெரிய எடம் எங்கிருந்துங்க வந்துது?"

"தெரீலீங்க."

"நான் இன்னும் உங்க பேப்பர்ல செத்துத்தான் கெடக்கறேன். பேங்க்ல பென்ஷன் கேட்டா வெட்டி வெச்ச உங்க நியூசைக் காட்டிச் சிரிக்கிறானுங்க."

கோபத்தில் அடுத்த வீட்டுப் பேப்பரைக் கேட்டுக்கு மேல் ஓங்கி எறிந்தேன். யார்மேல் என்று பிரித்து எழுத இடம் போதாது.

ஜூலை 4, வெள்ளி

தாசில்தார் ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை. அந்தப் பக்கம் மில் மேனேஜரும் அவர்கள் வக்கீலும். இந்தப் பக்கம் மாராத்தாக்கா, நான், தாரணி. பின்னால் ஊர்க்காரர்கள் ஆறு பேர். முதல் முறையாக வந்திருந்தார்கள். அக்கா தனியாக நின்றதைப் பார்த்து வந்தவர்கள்.

தாசில்தாரம்மா பேச ஆரம்பிக்கும் முன்பே மேனேஜர் சொன்னான்: "எதுக்குங்க மேடம் வளவளன்னு? அந்தம்மா பாட்டில் கொண்டாந்திருக்குது. இப்பவே சீல் வெச்சு லேபுக்கு அனுப்புங்க. எங்க மில்லுத் தண்ணின்னா நாங்க மில்லை மூடறோம். இல்லீன்னா, பொய்ச் சாட்சி சோடிச்சதுக்கு இந்தம்மா உள்ள போகோணும். சம்மதமான்னு கேளுங்க."

"சம்மதமுங்க" என்றார் மாராத்தாக்கா. கொஞ்சமும் யோசிக்கவில்லை. மஞ்சள் துணியிலிருந்து பாட்டிலை எடுத்தார்.

மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்குத் தெரியும். என்ன என்று தெரியாது. ஏதோ என்று தெரியும். எங்கள் முறை இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

"குடுங்க்கா, நான் வெக்கிறேன்" என்று வாங்கினேன்.

மேஜைக்கு மூன்று எட்டு. இரண்டாவது எட்டில் பாட்டில் விழுந்தது.

கண்ணாடி சிதறியது. என் சட்டை, வேட்டி, தாசில்தாரம்மாவின் ஃபைல், எல்லாம் பழுப்பு. ஒரு புளித்த வாடை. யாரோ "அய்யோ" என்றார்கள். தாரணி குனிந்து கைக்குட்டையால் தரையைத் துடைக்கப் போனாள். "வேண்டாம் கண்ணு, கண்ணாடி குத்தீரும்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். வலிக்கிற மாதிரி இழுத்துவிட்டேன்.

மாராத்தாக்கா கத்தவில்லை. மஞ்சள் துணியை மடித்துக்கொண்டே, ஊர்க்காரர்கள் முன்னால், நிதானமாகக் கேட்டார்:

"எவ்வளவு வாங்குனீங்க சார்?"

தாசில்தாரம்மா ஃபைலைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க. என் வேலை போச்சு, பரவால்ல. பன்னெண்டு ஊட்டுத் தண்ணிக்கும் ஒரே சாட்சி. அதை இப்படிப் போட்டு ஒடைக்க அந்தக் கிட்டுசாமி உங்களுக்கு எவ்வளவு குடுத்தான்?"

கை வழுக்கிவிட்டது என்றேன். பின்னால் ஒருவர், "ஆமா, வழுக்கும் வழுக்கும். எண்ணெய் தடவின கையில்ல" என்றார்.

ஆதாரம் இல்லாததால் அக்காமேல் நடவடிக்கை வேண்டாம் என்று தாசில்தாரம்மா முடித்துவிட்டார். மேனேஜர் முகம் விழுந்துவிட்டது. அக்கா சிறைக்குப் போகவில்லை. இது எனக்கு மட்டும் தெரிந்த வெற்றி. அவரைக் காப்பாற்றத்தான் போட்டேன் என்று இங்கே எழுதிக்கொள்கிறேன். நானும் சேர்ந்துதான் தப்பித்தேன் என்பதையும் எழுத வேண்டும், ஆதாரமாயிற்றே.

வசந்தாமணி சட்டையை வாளியில் போட்டாள். எடுத்தாள். முகர்ந்தாள். "இருபத்தி நாலு வருசமா இந்தக் கறைக்குத்தான் சோப்புப் போடறேன். எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்டிருக்கலாம்.

ஜூலை 5, சனி

தாரணி பேசவில்லை. "கண்ணு" என்றேன். "படிக்கணும்ப்பா" என்றாள். புத்தகம் தலைகீழாக இருந்திருந்தால் கிண்டல் செய்திருப்பேன். நேராகத்தான் இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

காலை ஐந்தே முக்காலுக்கு நானே கிளம்பினேன். போனில் சார்ஜ் நூறு. சாயங்காலம் வரை தாங்கும். தாரணி வாசலில் நின்றாள். "நானும் வர்றேன்." கையில் நான்கு காலி பாட்டில், அரக்கு, நூல், ஒரு நோட்டு. வசந்தாமணி அவள் தோளில் ஃபிளாஸ்க்கை மாட்டிவிட்டாள். "அதெல்லாம் எதுக்கு?" என்றேன். "தாகத்துக்கு" என்றாள் வசந்தாமணி, என்னைப் பார்க்காமல்.

மாராத்தாக்கா கிணற்றடியில்தான் இருந்தார். "எதுக்கு வந்தீங்க? மிச்சமிருக்கிற குடத்தையும் ஒடைக்கவா?"

"அக்கா, அப்பாவுக்காக வரல. எனக்காக ஒரு வாளி எறைங்க" என்றாள் தாரணி.

இறைத்தார்.

கறுப்பு. நுரை. அந்த நாற்றம். போன மாதம் பதினைந்தாம் தேதி என் கண்ணால் பார்த்த அதே தண்ணீர். நாற்றத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

தாரணி வேலையை ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை வந்த ஆறு பேரையும் கூப்பிட்டாள். அவர்களில் ஒருவரை, வாளி இறங்குவதிலிருந்து பாட்டில் மூடும் வரை நிறுத்தாமல் வீடியோ எடுக்கச் சொன்னாள். நான்கு பாட்டிலிலும் அரக்கு. தேதி, நேரம், சாட்சிகள் கையெழுத்து. கைநாட்டு வைத்த இருவருக்குப் பெயரைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் வைக்கச் சொன்னாள். யாரையும் விரல் நீட்டச் சொல்லவில்லை. நான் ஓரமாக வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபது வருஷத்தில் எனக்கு ஒரு முறைகூடத் தோன்றாத வேலை அது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஜெயசீலனுக்கு ஒரு படம் அனுப்பினேன். உடனே பதில்: "உங்க படம் இனிமே வேண்டாம் நாச்சி. நம்ப முடியாது." அந்த ஆள் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை.

"போன தடவை பாட்டில்ல இருந்ததும் இதே கலர்தானேங்க்கா?" என்று தாரணி கேட்டாள்.

மாராத்தாக்கா வாளிக்குள் பார்த்தார். "இல்ல கண்ணு. அது இதைவிட வெளுப்பு. இத்தனை நாத்தமும் இல்ல." பிறகு மெதுவாக, "அடித்தண்ணின்னா இன்னும் கருப்பாத்தான இருக்கோணும்" என்றார்.

தாரணி களைத்திருந்தாள். கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் ஊற்றி, முதலில் அக்காவிடம் நீட்டினாள். "குடிங்க்கா. பால் இல்ல, கருப்பட்டி போட்டது."

மாராத்தாக்கா வாங்கினார். குடிக்கவில்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். விரலால் மூடியைத் தொட்டுச் சூடு பார்த்தார். வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் என்னை 'சார்' என்று கூப்பிட்ட இத்தனை மாதத்தில் அப்படி ஒரு முறையும் பார்த்ததில்லை.

ஒரே மடக்கில் குடித்தார். மூடியைத் தாரணியிடம் கொடுத்தார்.

"டீ நல்லா இருக்குது கண்ணு. இறுக்கி மூடி வெய்யி. எறும்பு வரும்."

மூடியைத் திருகிக்கொண்டிருந்த தாரணியின் கை பாதியில் நின்றது. அவள் நிமிரவில்லை. நேரம் காலை 7.40. மகள் சொன்னபடி நேரம் போட்டிருக்கிறேன்.

அக்கா காத்திருந்தார். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கிலோமீட்டர் நடையை ஆரம்பிக்காமல், நான் வாயைத் திறப்பதற்காக நின்றார். நான் வெயில் ஏறிவிட்டது, கிளம்பலாம் என்றேன்.

சொல்லாதது இது: நான் ஒரு பைசா வாங்கலீங்க்கா. அன்னைக்குப் பாட்டில்ல ஊத்துனது எங்கூட்டு டீ. உங்க தண்ணி இதைவிட மோசம்னு எனக்குத் தெரிஞ்சிருந்தும், நாலு நாள் பொறுத்து அதைக் காட்ட எனக்குப் பொறுமை இல்ல.